பச்சை டேக் இலைக்கு மட்டும்

எங்க லேப்ல டைமர் செத்துப் போய் ரொம்ப காலமாச்சு. புதுசு வாங்குங்க சார், புதுசு வாங்குங்க சார்னு கேட்டு என் வாய் வலிச்சதுதான் மிச்சம். ராமசுப்பு சார் எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு, வாங்க மாட்டாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். ஊர்ல இருந்த நெலத்த வித்து இந்த லேப போட்டவரு. திருவொத்தியூர்ல எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா ஒரு பழைய குடோன், அதோட மாடி. கீழ கன்டெய்னர் லாரி போச்சுன்னா மேசை மேல இருக்கற கண்ணாடிக் குழாய்ங்க எல்லாம் கிணுகிணுன்னு ஆடும். அந்த ஆட்டத்துலதான் நாங்க கிருமி எண்ணுவோம்.

நாங்கன்னா ரெண்டே பேரு. நான் செங்கொடி. வியாசர்பாடி, மைக்ரோபயாலஜி எம்.எஸ்ஸி. பேரு வெச்சது எங்கப்பா, யூனியன்காரரு. படிச்சு முடிச்சு எத்தினி எடத்துக்கு இன்டர்வியூ போயிருப்பேன். அட்ரஸ படிச்சிட்டு "வியாசர்பாடியா..."ன்னு ஒரு இழுப்பு இழுப்பானுங்க பாரு, அதோட சரி. நான் "இன்னா"ன்னு பேசிட்டா மூஞ்சே மாறிடும். இங்க மட்டுந்தான் அட்ரஸ கேக்காம மைக்ரோஸ்கோப்ப காட்டி, ஓட்டத் தெரியுமான்னு கேட்டாரு. அதுக்காகவே அவரு பண்ற கூத்தெல்லாம் பொறுத்துக்கினு இருந்தேன்.

இன்னொருத்தர் சிலுவையம்மாள் அக்கா. ராயபுரம். முன்ன காசிமேட்ல எறா உரிக்கிற ஷெட்ல இருந்தவங்க. ஐஸ் தண்ணியில கை வெச்சு வெச்சு வெரல் கணு எல்லாம் வீங்கி, வெரலே மடங்காம போயிருச்சு. அதுக்கப்புறம்தான் இங்க கண்ணாடி கழுவுற வேலைக்கு வந்தாங்க. பைப்ப தொறந்தா வெந்நி வர்றத பாத்து மொத நாளு அழுதாங்களாம். அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க. போகப் போக இலை கழுவுற வேலையும் அவங்க கைக்கு போச்சு.

இலை வேலை இன்னான்னு சொல்லிட்றேன். நெல்லுக்கு பாக்டீரியா இலைக்கருகல்னு ஒரு சீக்கு வரும். நுனியில ஆரம்பிச்சு வைக்கோல் கலர்ல காஞ்சிக்கினே கீழ எறங்கும். அதுக்கு சார் மூலிகையில ஒரு ஸ்பிரே பண்ணியிருந்தாரு. அது கேக்குதா இல்லியான்னு பாக்கணும். லைட் போட்ட ரூம்ல தொட்டி தொட்டியா நெல்லு நிக்கும். கத்திரிக்கோல கிருமித் தண்ணியில முக்கி இலை நுனிய நறுக்குவேன், கிருமி உள்ள போயிடும். பாதி தொட்டிக்கு மருந்து அடிச்சு பச்சை டேக். மீதிக்கு வெறும் தண்ணி, வெள்ளை டேக். அப்புறம் இலைய அறுத்து துண்டு போட்டு, மேல ஒட்டிக்கினு இருக்கற கண்ட கிருமியும் சாவறதுக்கு பிளீச்சிங் தண்ணியில முக்கி அலசணும். அதை நசுக்கி, தண்ணி விட்டு கரைச்சு, அந்த கரைசல பத்துல ஒரு பங்கா, மறுபடி பத்துல ஒரு பங்கா நீர்த்துக்கினே போயி, தட்டுல தடவி இன்குபேட்டர்ல வெச்சிருவேன். இலைக்குள்ள உசுரோட இருந்த கிருமி ஒவ்வொண்ணும் தட்டுல ஒரு மஞ்சப் புள்ளியா வளரும். புள்ளிய எண்ணி, எத்தினி மடங்கு நீர்த்தோமோ அத்தால பெருக்குனா இலைக்குள்ள எவ்ளோ இருந்துச்சுன்னு தெரிஞ்சிரும்.

பிளீச்சிங்ல முக்கறதுதான் சிலுவக்கா வேலை. சின்ன வேலைன்னு நெனைக்காதீங்க, அதுலதான் எல்லாம் கீது. சீக்கிரம் எடுத்துட்டா மேல இருக்கற கிருமி சாவாது. ரொம்ப நேரம் விட்டா, அறுத்த ஓரம் வழியா பிளீச்சிங் உள்ள எறங்கி உள்ள இருக்கற கிருமியும் செத்துரும். ஒரு நிமிஷம், அவ்ளோதான். அது சுத்தம் பண்ண ரூமுன்றதால போன், வாட்ச், மோதிரம் எதுவும் உள்ள போகக் கூடாது. டைமரும் இல்ல. அப்பதான் சிலுவக்கா சொன்னாங்க, "மூணு மங்கள வார்த்த சொன்னா கரீட்டா ஒரு நிமிஷம் சார்." ஜெபமாலை உருட்டும்போது திரும்பத் திரும்ப சொல்லுவாங்களே, அந்த ஜெபம். சார் அவங்கள சேர்ல உக்கார வெச்சு சொல்லச் சொல்லி வாட்ச பாத்தாரு. கரீட்டா இருந்துச்சு. "மாதா டைமர்"னு பேரே வெச்சிட்டாரு. அன்னியோட டைமர் வாங்குற பேச்சு செத்துச்சு. நானும் கெக்கெக்கேன்னு சிரிச்சேன், அத சொல்லணும்ல.

ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணோம். ரெண்டு தடவையும் வெள்ளை டேக் தட்டெல்லாம் மஞ்சப் புள்ளி அப்பிக்கெடந்துச்சு. பச்சை டேக் தட்டுல அங்கொண்ணு இங்கொண்ணு. சார் தட்ட லைட்ல தூக்கித் தூக்கி பாத்தாரு, கண்ணு கலங்கிட்டாரு. எனக்கு மட்டும் ஒண்ணு உறுத்துச்சு. இலை காஞ்ச நீளத்த ஸ்கேல் வெச்சு அளந்தா பச்சையும் வெள்ளையும் ஏறக்குறைய ஒண்ணுதான். கேட்டேன். "இலை முன்னாடியே காஞ்சிருச்சும்மா, கிருமி அப்புறம் செத்திருக்கு. தட்டு பொய் சொல்லாது"ன்னாரு. எனக்கும் அத நம்பத்தான் ஆசை, நம்பிட்டேன்.

மூணாவது தடவையும் அப்படியே வந்துட்டா ஒரு உரக் கம்பெனி மருந்த எடுத்துக்கும், லேப் நிக்கும். வரலன்னா லேபுக்கு பூட்டு. கிருமி எண்ணினது நான்னு ரிப்போர்ட்டுல நான்தான் கையெழுத்து போடணும். சிலுவக்காவுக்கு இதெல்லாம் ஒரே வரியில அடங்கிடுச்சு. "இது மட்டும் கேட்டுச்சுன்னா நான் திரும்ப ஐஸ்ல கை வெக்க வேணாம் செங்கு"ன்னு காலையில வந்ததும் ஒரு தபா, கெளம்பும்போது ஒரு தபா சொல்லும்.

மூணாவது டெஸ்ட்டு அன்னிக்கு இலைய அறுத்து துண்டு போட்டு உள்ள அனுப்பிட்டு நான் வெளி ரூம்ல குழாய அடுக்கிக்கினு இருந்தேன். மூக்குல சுருக்குன்னு ஏறுச்சு. எங்க ஏரியாவுல நாத்தம் புதுசு இல்ல, ஆனா இது கண்ண புடிச்சு இழுத்துச்சு, தொண்டையில மொளகா அரைச்ச மாதிரி எரிஞ்சுது. கீழ இருந்து வாட்ச்மேன் தவ்ஃபீக் பாய் கத்துனாரு, "யாரும் எறங்காதீங்க, காஸு, காஸு, ஜன்னல சாத்துங்க." கொஞ்ச நேரத்துல ரோட்டுல வண்டி மைக்கு போச்சு. யாரும் வெளியே வர வேண்டாம், கதவ மூடி ஈரத்துணி வைங்கன்னு. எந்த ஃபேக்டரின்னு சொல்லல. சொல்லவும் மாட்டானுங்க.

சார் அவரு கேபின்ல கதவ சாத்திக்கினாரு. போன் பண்ணி, "உள் ரூமுக்கு போயிருங்கம்மா, அங்கதான் ஃபில்டர் காத்து"ன்னாரு. "இலை வேலைய மட்டும் விட்டுடாதீங்க, இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு." நான் துணிய நனைச்சு கையில எடுத்துக்கினு, செருப்பு, போனு, வாட்ச்சு, எதையும் கழட்டாம உள்ள பூந்துட்டேன். கதவு இடுக்குல துணிய அடைச்சேன். அந்த ரூமு ஒரு ஆளு நிக்கத்தான். ரெண்டு பேரு நின்னா முழங்கை இடிக்கும். ஜன்னல் கெடையாது.

"வந்துட்டியா. ஸ்டூல்ல குந்து. செருப்போட வந்துக்கீறியே, சாரு பாத்தா தாளிப்பாரு"ன்னாங்க சிலுவக்கா. அவங்க கை நிக்கல. இத்தினி நாள்ல அவங்க முக்கறத நான் பக்கத்துல குந்தி பாத்ததே இல்ல. கண்ணாடிக் கதவு வழியா முதுகு தெரியும், அவ்ளோதான்.

மொதல்ல வெள்ளை டேக். இலைத் துண்ட பிளீச்சிங்ல போட்டாங்க, ஜெபத்த ஆரம்பிச்சாங்க. ஷேர் ஆட்டோக்காரன் ஸ்டாப்பிங் பேரு சொல்ற வேகம். மூணு முடிஞ்சுது, எடுத்தாங்க, அலசுனாங்க. அடுத்தது. அதே வேகம். எனக்கு தொண்டை எரிச்சல், கதவையே பாத்துக்கினு இருந்தேன். வெள்ளை டேக் எல்லாம் முடிஞ்சுது.

அப்புறம் பச்சை டேக். துண்ட போட்டாங்க. போட்டதும் நெத்தியில சிலுவை போட்டாங்க. கண்ண மூடுனாங்க. ஒவ்வொரு வார்த்தையா, குழந்தைக்கு சோறு ஊட்ற மாதிரி மெதுவா சொன்னாங்க. நடுவுல நிறுத்தி ஒரு பெருமூச்சு. "என் கைய காப்பாத்து மாதாவே"ன்னு ஒரு வார்த்த உள்ள சேத்துக்கினாங்க. மறுபடி விட்ட எடத்துல இருந்து. எனக்கு அப்பவும் ஒண்ணும் தோணல, இவ்ளோ பக்தியான்னுதான் பாத்தேன். ரெண்டாவது ஜெபம் முடியறதுக்குள்ள டப்பாவுல இலை ஓரம் வெளுத்துக்கினு வந்துச்சு. அத பாத்ததும்தான் எனக்கு டைமு ஞாபகம் வந்துச்சு.

அடுத்த துண்டுக்கு போன எடுத்து ஸ்டாப் வாட்ச் போட்டேன். ஒரு நிமிஷம் தாண்டுச்சு. ரெண்டு தாண்டுச்சு. மூணையும் தாண்டி ஆமென்னு சொல்லி எடுத்தாங்க.

"அக்கா, பச்சைக்கு மட்டும் ஏன் இவ்ளோ மெதுவா சொல்ற?"

"இதுக்குதானே வேண்டிக்கணும்"னாங்க. "அது சும்மா தண்ணி அடிச்சது. அது பொழச்சா இன்னா, செத்தா இன்னா. அதுக்கு சொல்றது டைமுக்கு. இதுக்கு சொல்றது மனசார."

"எப்பவுமே இப்படித்தானா?"

"பின்ன? மருந்து அடிச்ச இலைய கையில வெச்சிக்கினு வேகமா சொல்ல மனசு வருமா?"

எனக்கு கத்தணும் போல இருந்துச்சு. யார கத்துறது? அந்த அம்மாவையா, டைமர் வாங்காத ஆளையா, சிரிச்சிக்கினு நின்ன என்னையா? போன அவங்க கையில குடுத்து மெதுவா சொன்னேன். வெள்ளைக்கு ஒரு நிமிஷம், பச்சைக்கு மூணுக்கு மேல. உள்ள இருந்த கிருமிய கொன்னது மருந்தா இல்லாம பிளீச்சிங்கா இருக்கலாம்.

அவங்க போனையே பாத்தாங்க. "அப்போ மருந்து கேக்கலியா?"

"தெரியாதுக்கா. கேக்குதா இல்லியான்னு இன்னும் யாருமே பாக்கல."

"ரெண்டு தபாவும்?"

"ரெண்டு தபாவும்."

கையில இருந்த இடுக்கிய கீழ வெச்சாங்க. வெரல விரிச்சு பாத்தாங்க, மடக்கப் பாத்தாங்க. அது பாதிதான் மடங்குச்சு. "செங்கு, நீ பாக்கலன்னு வெச்சிக்க"ன்னாங்க. "நான் மாதாவ வேண்டுனேன், அவங்க குடுத்தாங்க. அது எந்த வழியா குடுத்தா உனக்கு இன்னா?"

"நாளைக்கு ஒருத்தன் இத வாங்கி வயல்ல அடிப்பான்க்கா. கண்ணு முன்னாடி பயிரு காயும். நல்ல மருந்துன்னு ரிப்போர்ட்டுல கையெழுத்து போட்டவ யாருன்னா நானு."

"அவனுக்கு வயலாவது கீது. எனக்கு ஐஸு."

வெளிய போய் கொஞ்சம் நின்னுட்டு வரலாம்னா கதவுக்கு அந்தாண்ட காஸு. எனக்கும் பயந்தான், மறைக்கல. இந்த லேப் போச்சுன்னா மறுபடி அட்ரஸ், மறுபடி அந்த இழுப்பு.

போன் அடிச்சுது. சாரு. "முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் கொஞ்சம் கீது சார்."

"சிலுவைய நல்லா வேண்டிக்க சொல்லுங்க"ன்னு சிரிச்சாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாம சிரிக்கற சிரிப்பு அந்த ரூம்ல ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. சிலுவக்கா மூஞ்ச செவுத்துப் பக்கம் திருப்பிக்கினாங்க.

எப்பவும் பச்சை டேக்ல கூடுதலா இலை அறுத்து வெப்போம், ஏதாவது கீழ விழுந்தா ஆகும்னு. அது தட்டுல இருந்துச்சு. "இதுல டைம் பாத்து பண்ணிப் பாக்கறேன்"னேன். அவங்க திரும்பல. "பண்ணு. நான் பாக்க மாட்டேன்"னாங்க.

ஸ்டாப் வாட்ச போட்டு மேசையில வெச்சேன். துண்ட பிளீச்சிங்ல போட்டேன். நம்பர் ஓடுச்சு. ஏதோ நல்லவ மாதிரி ஆரம்பிச்சேன்ல, கேளுங்க. நிமிஷம் முடியற நேரம் இடுக்கி என் கையில கீது, கை எறங்கல. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள கெடந்தா போதும், தட்டு சுத்தமா வரும். லேப் நிக்கும், அக்கா கை பொழைக்கும், நானும் பொழைப்பேன். டைம் பாத்துதான் பண்ணேன்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா? கை கல்லு மாதிரி நின்னுச்சு.

"மூணு முடிஞ்சுது. எட்றீ."

செவுத்த பாத்துக்கினுதான் சொன்னாங்க. போன பாத்தேன், அப்பதான் நிமிஷம் தாண்டியிருந்துச்சு. இத்தினி நேரமும் அவங்க உதட்டுக்குள்ளயே சொல்லிக்கினு இருந்திருக்காங்க, வெள்ளை டேக் இலைக்கு சொல்ற வேகத்துல. நான் எடுத்தேன். அலசுனேன்.

சிலுவக்கா திரும்பி வந்து இடுக்கிய எங்கிட்ட இருந்து வாங்கிக்கினாங்க. "உனுக்கு கை ஆடுது. ஒத்து, தள்ளி நில்லு"ன்னாங்க. மீதி பச்சைத் துண்டெல்லாம் அவங்களே முக்குனாங்க. நான் போன காட்டல. எல்லாம் ஒரே வேகம், ஒரே அளவு. அவங்க கன்னத்துல தண்ணி வழிஞ்சுக்கினே இருந்துச்சு, தொடைக்கல. கையில பிளீச்சிங்.

மைக்கு வண்டி திரும்ப வந்து, காத்து தணிஞ்சிருச்சு, வெளிய வரலாம்னு சொல்றப்போ நாங்க எல்லாத்தையும் நசுக்கி கரைச்சு தட்டுல தடவி முடிச்சிட்டோம். மெதுவா முக்குன பச்சை ஒரு வரிசை, டைம் பாத்து முக்குன பச்சை ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை.

புள்ளி வளந்ததும் சாரோட சேந்துதான் இன்குபேட்டர தொறந்தேன். எதையும் மறைக்காம எல்லாத்தையும் சொல்லிட்டேன். மெதுவா முக்குன தட்டு சுத்தம். வெள்ளை டேக் தட்டு அப்பிக்கெடக்குது. டைம் பாத்து முக்குன பச்சைத் தட்டும் அதே மாதிரி அப்பிக்கெடக்குது. ரெண்டையும் மாத்தி வெச்சா எது எதுன்னு எனக்கே தெரியாது. மருந்து ஒண்ணும் பண்ணல.

"நான் வாட்ச் வெச்சு செக் பண்ணேனேம்மா"ன்னாரு சாரு.

"அப்போ இலையே இல்ல சார். வேண்டிக்கறதுக்கு அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அவரு சுத்தமா இருந்த அந்த வரிசைத் தட்டு மேல கைய வெச்சாரு. "இதுக்கு கையெழுத்து போடுவீங்களா"ன்னு கேட்டாரு. "போட மாட்டேன் சார்"னேன். ரெண்டாவது தடவை கேக்கல. அதுக்கு அவர மதிக்கிறேன். கம்பெனிக்கு அவரே போன் பண்ணி வர வேணாம்னு சொன்னாரு. சிலுவக்கா சிங்க்ல வெந்நி தொறந்து விட்டு, கழுவறதுக்கு ஒண்ணும் இல்லாம, சும்மா கைய காட்டிக்கினு நின்னாங்க.

மழைக்கு முன்னாடியே லேப பூட்டிட்டாங்க. எனக்கு மாதவரம் பக்கம் பால் டெஸ்ட் பண்ற எடத்துல வேலை கெடைச்சுது. அங்க டைமர் மேசைக்கு மேசை கீது. அத பாக்கறப்போ எல்லாம் எனக்கு பத்திக்கினு வரும்.

ஒரு லீவு நாளு காசிமேட்டுக்கு போய் அக்காவ தேடுனேன். ஷெட்டு உள்ள வரிசையா பொம்பளைங்க குந்திக்கினு எறா உரிச்சிக்கினு இருந்தாங்க. தரையெல்லாம் தண்ணி, வெளிச்சமே இல்ல, நாத்தம் ஆள தூக்குது. சிலுவக்கா ஒரு ஓரமா இருந்தாங்க. ரெண்டு கையும் ஐஸ் தண்ணிக்குள்ள. உதடு மட்டும் ஆடிக்கினு இருந்துச்சு. என்ன பாத்து சிரிச்சாங்க, உதடு நிக்கல. அப்புறம் ரெண்டு கையையும் வெளிய எடுத்து மடியில வெச்சு பொத்திக்கினாங்க.

நான் பக்கத்துல குந்துனேன். "இன்னாக்கா வேண்டிக்கினு இருந்த?"ன்னு கேட்டேன்.

"வேண்டல செங்கு"ன்னாங்க. "டைமு பாக்கறேன். மூணு முடிஞ்சா கைய வெளிய எடுத்துருவேன். அதுக்கு மேல வுட்டா ஐஸு உள்ள எறங்கிடும்."

மறுபடி கைய தண்ணிக்குள்ள வுட்டாங்க. உதடு ஆட ஆரம்பிச்சுது, வேகமா.